இருபத்தொன்பதாரும் இரண்டாவது அடுப்பும்

இலங்கையின் அரசியல் யாப்பை முதல் எழுத்திலிருந்து கடைசி முற்றுப்புள்ளிவரை வாசித்த மனிதர் ஒருவர்தான். எழுதியவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அவர் கொழும்பில் இருக்கவில்லை, சட்டம் படிக்கவில்லை, கறுப்புக் கோட்டும் போடவில்லை. மன்னார்க் காணிக் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தார். மன்னாருக்குத் தெற்கே கடலோரத்தில் இருக்கிற அரிப்பு என்ற ஊர்க்காரர். ஞானஸ்நானத்தின்போது வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். மன்னார்த் தீவில் அதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் அவர் இருபத்தொன்பதார்.

அந்த யாப்பு, சுதந்திரத்துக்கு முதல் வெள்ளைக்காரப் பிரபு ஒருவரோடு மூன்று பேராக வந்த ஆணைக்குழுவின் சிபாரிசில் பிறந்தது. சுதந்திரம் வருவதற்கு முன்பே யாப்பு வந்துவிட்டது. பிரதிநிதிகள் சபை ஒன்று, அதற்கு மேலே முப்பது பேர் கொண்ட செனற் சபை ஒன்று, எல்லாவற்றுக்கும் மேலே இங்கிலாந்து முடியின் பெயரால் ஒரு மகாதேசாதிபதி. இதெல்லாம் இருபத்தொன்பதாருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் அவர் உயிரை வைத்திருந்தது இருபத்தொன்பதாம் பிரிவில். எந்தச் சமயத்தையும் தடுக்கிற சட்டமோ, ஒரு சமூகத்தின் தலையில் மட்டும் சுமை ஏற்றுகிற சட்டமோ, ஒரு சமூகத்துக்கு மட்டும் சலுகை கொடுக்கிற சட்டமோ பாராளுமன்றம் செய்யக்கூடாது என்று சொன்ன பிரிவு அது. யாப்பைத் திருத்துவதானால் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும் என்றும் அதே பிரிவுதான் சொன்னது. அதுவும் வந்தவர்களில் மூன்றில் இரண்டு அல்ல. வராதவர்களையும் சேர்த்து எண்ணி.

"ஐசே, வராதவனையும் எண்ணுற சட்டம் வேறை எங்கை இருக்கு, சொல்லும் பாப்பம்," என்பார். "கடலுக்குப் போனவனும் கரையிலை நிக்கிறவனோடை சேந்து கணக்கிலை நிக்கிறான். மனுசன் எழுதினதே அது?"

ஆணைக்குழுவின்மீது அவருக்கு ஒரேயொரு மனக்குறைதான். அது அரிப்புக்கு வரவில்லை. வந்திருந்தால் முப்பதாம் பிரிவும் இதே தரத்தில் அமைந்திருக்கும் என்பது அவர் துணிபு.

யாப்பின் பிரதி ஒன்றை வள்ளத்துப் பாய்ச்சீலையில் கட்டி, வலை பொத்துகிற ஊசியால் தைத்து வைத்திருந்தார். சந்தைக்கும் அது போகும், பூசைக்கும் போகும். கோயிலில் செபப் புத்தகம் மேலே, யாப்பு கீழே. ஒரு ஞாயிறு பங்குச் சுவாமியார் பத்துக் கட்டளைகளைப் பற்றிப் பிரசங்கம் வைத்தார். பூசை முடிந்ததும் இவர் வாசலில் நின்று, "நல்ல யாப்பு சுவாமி. ஆனால் திருத்துறதுக்கு ஏற்பாடு இல்லை," என்றார்.

"அதைத் திருத்தேலாது," என்றார் சுவாமியார்.

"ஏலாது எண்டு எழுதியிருக்கவேணும் சுவாமி. எழுதாட்டில் ஆரும் ஒருத்தன் மூண்டிலை ரெண்டைக் கூட்டிக்கொண்டு வருவான்."

நான் யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பத்துப் பிள்ளை. அறுபதுகளின் கடைசியில் மாற்றலாகி மன்னாருக்கு வந்தபோது, இருபத்தொன்பதார் இருந்த சம்மரியில்தான் எனக்கும் இடம் கிடைத்தது. சம்மரி என்றால், வெளியூர் உத்தியோகத்தர்கள் கூடி ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, ஒரு சமையற்காரரை வைத்துச் சாப்பிட்டுப் படுக்கிற ஏற்பாடு. அந்த வீட்டில் ஆட்கள் ஏழு, கதிரைகள் ஐந்து, அடுப்பு ஒன்று, யாப்பு ஒன்று. போனவுடன் எண்ணிவிட்டேன். எண்ணாத இடத்தில் எனக்கு நித்திரை வராது.

நாடே ஒரு யாப்போடு சமாளிக்கும்போது வீட்டுக்குத் தனியாக ஒன்று ஏன் என்று கேட்பீர்கள். காரணம் ஒரு விளைமீன் தலை. நான் வருவதற்கு முந்தின வருசம், அந்தத் தலை யாருக்கு என்ற கேள்வியில் இரண்டு பேர் பேச்சுவார்த்தையை நிறுத்தி, ஒருவர் குளிக்கிற கிணற்றில் மற்றவர் குளிக்காத நிலைக்குப் போய்விட்டார்கள். இருபத்தொன்பதார் தலையிட்டார். "இது ஆக்களின்ரை பிழையில்லை. யாப்பில்லாத பிழை," என்று சொல்லி எழுத உட்கார்ந்தார். 'இவ்வீட்டு மக்களாகிய நாம்' என்று தொடங்கியது. மாதத்துக்கு ஒருவராக வீட்டுச் செலவைப் பார்க்கிற மனேஜர்தான் மந்திரிசபை. சமையற்காரர் சூசை நீதித்துறை. அவர் எங்களோடு மேசையில் இருந்து சாப்பிடுவதில்லை என்பதால் நீதி சுதந்திரமானது. சூசையின் தீர்ப்பில் திருப்தியில்லாதவர்கள் வீட்டுக்கார ஹாஜியாரிடம் மேன்முறையீடு செய்யலாம். நாட்டுக்கு லண்டனில் பிரிவிக் கவுன்சில் இருந்ததுபோல. ஹாஜியார் இரண்டு பக்கத்தையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாரும் சொல்றது சரிதான். கிணத்துக் கயிறை மாத்துங்கோ," என்று தீர்ப்புச் சொல்வார். எந்த வழக்குக்கும் அதுதான் தீர்ப்பு.

இரண்டாவது சபையும் இருந்தது. பத்து வருசத்துக்கு மேல் அந்த வீட்டில் இருந்தவர்கள் மட்டுமே செனற்றர் ஆகலாம் என்பது விதி. அந்தத் தகுதி அவர் ஒருவருக்குத்தான் இருந்தது. ஆகவே மேசையில் நாங்கள் ஏழு பேரும் கூடி ஒரு தீர்மானத்தை நிறைவேற்றியதும், அவர் எழுந்து தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்துவார். உள்ளே செனற் கூடும். இருமல் சத்தம் கேட்கும். சற்று நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு வந்து, "செனற் நிராகரிக்குது," என்பார்.

"அண்ணை, இப்பத்தானே நீங்களும் கை உயர்த்தினீங்கள்?"

"தம்பி, இஞ்சை நான் உணர்ச்சியிலை போட்டனான். அங்கை நான் யோசிச்சுப் போட்டனான். ரெண்டு சபை எதுக்கெண்டு நினைக்கிறீர்?"

ஒருமுறை தீவின் கழுதைகளில் ஒன்று முற்றத்துக்குள் வந்து, உடுப்புக் கொடியில் காயப்போட்டிருந்த சாரத்தைச் சப்பிக்கொண்டு நின்றது. தடியோடு ஓடியவர்களை மறித்து, எதிர்த்தரப்பையும் கேளாமல் தண்டிக்க முடியாது என்று வாதித்தார். கேட்டோம். கழுதை ஒன்றும் சொல்லாமல் மிச்சச் சாரத்தையும் முடித்துவிட்டுப் போயிற்று. சாரம் அவருடையது.

இனி என் விசயத்துக்கு வருகிறேன். நான் மச்சம் தொடாதவன். சூசை நல்ல மனிதர். ஆனால் நேற்று மீன் கொதித்த சட்டியில் இன்றைக்குக் கத்தரிக்காய் கொதித்தால் அது மரக்கறிதான் என்பது அவர் நம்பிக்கை. நான் வாய் திறக்கவில்லை. சோறும் வாழைப்பழமுமாகச் சாப்பிட்டுக்கொண்டு, மாற்றம் கேட்டு எழுத வேண்டிய விண்ணப்பத்தின் வசனங்களை மனத்துக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன். பெல்ட்டில் புதிதாக இரண்டு துளைகள் போட்டாயிற்று. துளைகளை நான்தான் எண்ணினேன் என்று நினைத்திருந்தேன். மேசைக்கு எதிர்ப்பக்கமிருந்து இன்னொருவரும் எண்ணியிருக்கிறார்.

"ஏன் காணும், நீர் என்ன வௌவாலோ? பழத்தோடை சீவிக்கிறீர்?"

சொன்னேன். இருபத்தொன்பதாரின் கையில் அப்போது ஒரு பாரைமீன் துண்டு இருந்தது. அதைச் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்தார். அவர் மீனைப் பாதியில் வைத்ததை அந்த வீடு அன்றுதான் முதன்முதலில் கண்டது. அங்கேயே அவசரக் கூட்டம் கூட்டி, வீட்டு யாப்பில் ஒரு புதுப் பிரிவைச் சேர்த்தார். பெரும்பான்மை எவ்வளவாக இருந்தாலும் ஒருவரின் கோப்பையில் அவருக்கு ஆகாததை வைக்கக்கூடாது. மச்சம் படாத அடுப்பு ஒன்றும் சட்டி ஒன்றும் அகப்பை ஒன்றும் எப்போதும் இருக்கவேண்டும். இதைத் திருத்துவதானால் வராதவர்களையும் சேர்த்து எண்ணி மூன்றில் இரண்டு வேண்டும். எல்லோரும் கை உயர்த்தினார்கள். செனற்றும் உள்ளே போய், அதிகம் இருமாமல் திரும்பி வந்தது.

அந்தப் பிரிவுக்கு அவர் போட்ட இலக்கம் இருபத்தொன்பது. வீட்டு யாப்பில் அதுவரை இருந்தவை பதினொரு பிரிவுகள்தான்.

"அண்ணை, நடுவிலை பதினேழு பிரிவைக் காணேல்லை," என்றேன்.

"அது ஆறுதலாய் வரும். முதல் இது வேணும்."

மறுநாள் மூன்று கல்லைத் தானே தூக்கிக்கொண்டு வந்து குசினி மூலையில் இரண்டாவது அடுப்பை வைத்தார். கற்கள் கனம், சட்டையெல்லாம் சுண்ணாம்பு. நான் பெல்ட்டைப் பழைய துளைக்குக் கொண்டுவந்தேன்.

பிறகுதான் நாடு புது யாப்பு எழுதத் தொடங்கியது. புதுச் சட்டம் பழைய சட்டத்தின் வயிற்றில் பிறக்கக்கூடாது என்பதற்காக, பிரதிநிதிகள் பாராளுமன்றக் கட்டடத்தை விட்டு ஒரு கல்லூரி மண்டபத்தில் போய், அரசியல் நிர்ணய சபை என்ற பெயரில் கூடினார்கள். செனற்றை ஒழித்தார்கள். பிரிவிக் கவுன்சிலுக்குப் போகும் வழியை அடைத்தார்கள். நாடு குடியரசாகும், ஒற்றையாட்சியாக இருக்கும், ஒரே சபைதான் என்றார்கள். அடிப்படை உரிமைகள் என்று புதிதாக ஓர் அத்தியாயம் வரும், ஆனால் பழைய இருபத்தொன்பதாம் பிரிவு இருக்காது என்று செய்தி அடிபட்டது. வானொலியில் செய்தி வரும் நேரம் இருபத்தொன்பதார் கதிரையைத் திருப்பிப் போட்டு, வானொலிக்கு முதுகு காட்டி உட்காருவார். அந்தச் சபையை அவர் அங்கீகரிக்கவில்லை. ஒரு சொல் விடாமல் கேட்பார், முதுகால் கேட்பார்.

எங்கள் வீட்டில் அப்போது, விட்டுப்போன ஒருவரின் இடத்துக்குக் கொழும்பிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு பொடியன் இருந்தான். தேத்தண்ணி வேண்டுமென்றாலும் "நான் பிரேரிக்கிறன்" என்றுதான் கேட்பான். பெயரும் பிரேரணை என்றே ஆகிவிட்டது. கெட்டவன் அல்லன். நாட்டில் மாற்றம் வரும்போது வீடு மட்டும் சும்மா இருப்பதா என்ற அவதி. செனற் ஒழிந்த செய்தி வந்த அன்று, "அண்ணை, செனற் போட்டுதாம். நீங்கள் இன்னும் அறைக்குள்ளை போறீங்கள்?" என்றான்.

"அது கொழும்புச் செனற். மன்னாருக்கு அறிவித்தல் வரேல்லை."

தீவில் விறகுக்குத் தட்டுப்பாடு வந்தது. பெருநிலத்திலிருந்து வரவேண்டிய விறகு வரவில்லை. பிரேரணை அதைப் பிடித்துக்கொண்டான். ஒரே வீடு, ஒரே அடுப்பு. முதலில் மரக்கறி வேகட்டும், பிறகு மீன். சட்டியைக் கழுவினால் போயிற்று. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. அதுதான் எனக்குப் பயம்.

ஆனால் வீட்டு யாப்பின்படி இதைச் செய்ய வழியில்லை. கீழ்ச்சபையில் ஐந்து வாக்குக் கிடைத்தாலும் செனற் இருமித் தள்ளிவிடும். ஆகவே பிரேரணை கொழும்பைப் பின்பற்றினான். பழைய யாப்பின் கூரைக்குக் கீழே புது யாப்பு எழுதக்கூடாது; பள்ளிமுனைப் பெருக்கமரத்தின் கீழ் ஞாயிறு பின்னேரம் அரசியல் நிர்ணய சபை கூடும்; அங்கே செனற் இல்லை; வந்தவர்களில் மூன்றில் இரண்டு போதும்.

அந்தப் பெருக்கமரத்தைக் காணாதவர்களுக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். எங்கள் வீட்டு ஏழு பேரும் கைகோத்து நின்றாலும் அதன் அடியைச் சுற்றி வளைக்க முடியாது. ஒரு பக்கம் இருப்பவருக்கு மறுபக்கம் இருப்பவர் தெரியமாட்டார்.

ஞாயிறு நாங்கள் ஆறு பேர் போனோம். இருபத்தொன்பதார் வர மறுத்துவிட்டார். சட்டவிரோதமான கூட்டம் என்றார். பிரேரணை தலைமை தாங்கி, தீர்மானத்தை வாசித்து முடிக்க, மரத்துக்கு அந்தப் பக்கமிருந்து இருமல் சத்தம் கேட்டது.

"அண்ணை, நீங்களோ?"

"நான் காத்து வாங்க வந்தனான். நீங்கள் நடத்துங்கோ. நான் இஞ்சை இல்லை."

நடத்தினார்கள். பிரேரணையும் மற்ற மூவரும் ஒரே அடுப்புக்குச் சார்பு. அந்த மூவரும் மீன் தலைக்காகவே பிறப்பெடுத்தவர்கள். விவாதம் சுருங்கினால் சாப்பாட்டுக்கு நேரத்தோடு போகலாம் என்று பார்த்தார்கள். ஐந்தாவதாக இருந்தவர் காசீம் நானா. சிலாவத்துறைக்காரர், தபாற்கந்தோரில் வேலை. மீன் அடுப்பில் அவருக்கு ஒரு வில்லங்கமும் இல்லாததால் அவரும் தலையை ஆட்டினார். நான் தனியாள்.

மரம் பேசியது. "எனக்குச் சம்பந்தமில்லை. சும்மா ஒரு சந்தேகம். ஒரே அடுப்பு, ஒரே சட்டி எண்டால், நத்தாருக்குப் பண்டி காய்ச்சுறதும் அதே சட்டியோ?"

அதுவரை அந்த வீட்டில் பன்றி காய்ச்சுவதே இல்லை. என் அடுப்பைக் காத்த அதே பிரிவு காசீம் நானாவின் சட்டியையும் காத்து நின்றது. நத்தார் என்கிற கிறிஸ்மஸ் நாளில் பன்றி இறைச்சிக்கு அதிகம் ஆசைப்பட்டு, அதிகம் பொறுத்துக்கொண்டவரும் மரத்துக்குப் பின்னால் இருந்தவர்தான்.

காசீம் நானா பிரேரணையைப் பார்த்தார். "தம்பி, சட்டியை என்னத்தாலை கழுவுறதா சொன்னீங்க?"

"சாம்பலாலை, நானா."

"அப்ப நான் அங்காலை," என்று என் பக்கத்தில் வந்து குந்தினார்.

எண்ணினேன். நாலு, இரண்டு. வந்தவர்கள் ஆறு. ஆறில் மூன்றில் இரண்டு நாலு. தீர்மானம் மயிரிழையில் வென்றுவிடும். மனத்துக்குள் பழைய விண்ணப்பம் மறுபடி தொடங்கியது: 'ஐயா, தவிர்க்கமுடியாத காரணங்களினால்…' அடுத்த வாரமே பெட்டியைக் கட்டியிருப்பேன். ஏழாவது ஆள் ஒருவர் எதிர்த்து வாக்களித்தால் மட்டும் நாலு போதாது, ஐந்து வேண்டும். ஆனால் ஏழாவது ஆள் இந்தச் சபையே இல்லை என்று சொல்லிக்கொண்டு மரத்துக்குப் பின்னால் இருக்கிறார்.

அவரும் எண்ணியிருக்க வேண்டும். பிறகு மரத்தின் ஓரமாக ஒரு கை மட்டும் நீண்டது.

"எதிர்," என்றது மரம்.

"கைக்கு வாக்கில்லை அண்ணை," என்றான் பிரேரணை. "ஆள் வரவேணும். வந்தால் சபையை ஏற்றுக்கொண்டதாய் அர்த்தம்."

அவன் சொன்னது சட்டப்படி சரி. அவருக்கும் அது தெரியும். கை உள்ளே போயிற்று.

பள்ளிமுனைக் கடலிலிருந்து காற்று அடித்தது. பிறகு பாய்ச்சீலைப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஒரு கையால் மரத்தைத் தொட்டபடியே, இருபத்தொன்பதார் சுற்றி வந்தார். இவ்வளவு பெரிய மரத்தைச் சுற்றி வர எவ்வளவு நேரம் எடுக்கும் என்று அன்றுதான் பார்த்தேன். எங்கள் முன்னால் வந்து நின்று, நிலத்தைப் பார்த்துக்கொண்டு கையை உயர்த்தினார்.

"நாலுக்கு மூண்டு. தீர்மானம் தோத்துது," என்றான் பிரேரணை. சொன்னபோது அவன் முகத்திலும் கொஞ்சம் ஆறுதல் தெரிந்ததாக நான் இன்றைக்கும் நம்புகிறேன்.

திரும்பி வரும்போது அவர் அருகே நடந்தேன். "எனக்காகவோ அண்ணை, வந்தனீங்கள்?"

"உமக்காக இல்லைக் காணும். கணக்குக்காக."

கொஞ்ச தூரம் போய்ச் சொன்னார்: "அந்த மரத்தைச் சுத்தி வந்த உடனை எங்கடை பழைய யாப்புச் செத்துப்போச்சு. நான்தான் கொலை செய்தனான். அடுப்பு மட்டும் தப்பிச்சுது."

அதன்பிறகு அவர் அறைக்குள் போகவில்லை. மேசையில் தீர்மானம் நிறைவேறினால் நிறைவேறியதுதான். தடுக்க ஆளில்லாத அந்தக் காலத்தில் வீடு படாதபாடு பட்டது. மூன்று வேளையும் சம்பல் என்று ஒரு சட்டம். கதிரைகளை நாள்முறைப்படி பயன்படுத்துவது என்று ஒரு சட்டம். அதில் இரண்டு பேர் நாள்தோறும் நின்றுகொண்டு சாப்பிட்டார்கள். வெளியே நாடு குடியரசாயிற்று. பழைய இருபத்தொன்பதாம் பிரிவு போனது போனதுதான். அன்று பின்னேரம் அவர் கதிரையைத் திருப்பாமல் வானொலியை நேராகப் பார்த்துக்கொண்டே கேட்டார். அதைத்தான் எங்களால் தாங்க முடியவில்லை.

மறுநாள் சாப்பாட்டு மேசையில் பிரேரணை எழுந்தான். "மன்னார்ச் செனற்றைத் திரும்ப ஏற்படுத்தவேணும் எண்டு நான் பிரேரிக்கிறன்." ஆறு கைகள் உயர்ந்தன. எல்லோரும் அவரைப் பார்த்தோம். அவர் எழுந்து, அறைக்குள் போய், கதவைச் சாத்தினார். இருமல் நெடுநேரம் கேட்டது. வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது.

"செனற் இணங்குது," என்றார்.

நான் மாற்றம் கேட்கவே இல்லை. மன்னாரிலேயே காணி வாங்கி, வீடு கட்டி, கலியாணமும் செய்தேன். வந்தவளும் சைவம். புது வீட்டுக் குசினியில் இரண்டு அடுப்புகளைக் கண்டு, "இருக்கிறது ரெண்டு பேர், ரெண்டு பேரும் மரக்கறி. மற்றது ஆருக்கு?" என்று கேட்டாள். மாதத்தில் ஒருநாள் அரிப்பிலிருந்து பஸ்ஸில் ஒருவர் மீன் பையோடு வந்து இறங்கினார். தன் சட்டியில் தானே காய்ச்சி, குசினி மூலையில் இருந்து சாப்பிட்டார். "பிள்ளை, இந்த வீட்டிலை நான்தான் சிறுபான்மை. பாத்துக்கொள்ளுங்கோ," என்றார் என் மனைவியிடம். அவள் அவருக்கென்று ஓர் அகப்பை வாங்கி வைத்தாள்.

அவர் கண்மூடிப் பல காலமாயிற்று. அதன்பிறகு சண்டை வந்தது, இடம்பெயர்ந்தோம், திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை, குசினிக்குச் சுவரில்லை. மேசனை வைத்து இரண்டு அடுப்பையும் கட்டினேன். மனைவியும் போய்ச் சேர்ந்துவிட்டாள். இப்போது வீட்டில் நாங்கள் மூன்று பேர்: நான், மகன், மருமகள். குசினியைப் பெருப்பிக்க வேண்டும், எரிக்காத அடுப்பை இடிப்போம் என்று இருவரும் போன கிழமை சொன்னார்கள்.

"மூண்டிலை ரெண்டு எங்கடை பக்கம், அப்பா," என்று சிரித்தான் மகன்.

"வராத ஆக்களையும் சேத்தெல்லோ எண்ணவேணும்," என்றேன். எண்ணிப் பார்த்தோம். அவன் அம்மா ஒன்று, இருபத்தொன்பதார் ஒன்று, நான் ஒன்று. அடுப்பு நிற்கிறது.